அடுத்தவர் குரலில் ஹீரோயின்... சொந்தக் குரலில் ‘ஜாக்பாட்’! குழந்தை நட்சத்திரம் குஷ்பு சின்னத்திரை ராணி ஆன கதை

1980-ல் வெளிவந்த இந்திப் படம் ‘தி பர்னிங் டிரெயின்’. தர்மேந்திரா, ஜிதேந்திரா, வினோத் கன்னா, ஹேமமாலினி என்று பெருந்தலைகள் வரிசையாக நடித்த படம். அதில் ஓடும் ரயிலுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடி கடவுளை வேண்டிப் பாடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பாட்டுக்கு வாயசைத்த ஒரு சிறுமியை அன்றைக்கு யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அந்தச் சிறுமிதான் குஷ்பு.

பின்னாளில் தமிழ்நாட்டில் இட்லிக்கு இவர் பெயர், ஜாக்கெட்டுக்கு இவர் பெயர். திருச்சி பக்கம் ரசிகர்கள் கோயிலே கட்டினார்கள் என்பது ஊரறிந்த சேதி. ஆனால் பல பேர் யோசித்துப் பார்க்காத விஷயம் ஒன்று உண்டு. தமிழ் ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய காலத்தில், குஷ்புவின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. அந்தக் குரலை ஊருக்கே பழக்கிவிட்டது சினிமா அல்ல, டி.வி.தான்.

பம்பாய் பொண்ணு

குஷ்பு பிறந்தது 1970 செப்டம்பர் 29-ந்தேதி, மும்பையில். முஸ்லிம் குடும்பம். பெற்றோர் வைத்த பெயர் நகத் கான். சினிமாவுக்காக வந்த பெயர்தான் குஷ்பு. இந்தியில் நறுமணம் என்று அர்த்தம்.

‘பர்னிங் டிரெயின்’ முடிந்ததும் மளமளவென்று வாய்ப்புகள். அமிதாப் பச்சன் கொடிகட்டிப் பறந்த நேரம் அது. 1981-ல் அவருடைய ‘நசீப்’, ‘லாவாரிஸ்’, ‘காலியா’ படங்களில் எல்லாம் இந்தச் சிறுமி தலைகாட்டினார்.

பெயர் சொல்லும்படி அமைந்தது 1982-ல் வந்த ‘தர்த் கா ரிஷ்தா’. சுனில் தத் இயக்கி நடித்த படம். அவரது மனைவி நர்கீஸ் புற்றுநோயால் இறந்தது அதற்கு முந்தைய வருடம். அந்த வேதனையோடு எடுத்த படத்தில், ரத்தப் புற்றுநோய் வந்த மகளாக நடித்தது குஷ்பு. பேருக்கு வந்து போகிற வேஷம் இல்லை. கதையே அந்தக் குழந்தையைச் சுற்றித்தான்.

திரையில் சரி. வீட்டில்?

இதற்கான பதில் வெளியே வர 40 வருடம் பிடித்தது. 2023 மார்ச்சில் பெண்களுக்கான ஒரு கலந்துரையாடல் நிகழ்ச்சியில் குஷ்புவே வாயைத் திறந்தார். 8 வயதிலிருந்தே தன் அப்பா தன்னைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியதாகச் சொன்னார். அம்மாவும் அவர் கையில் அடி உதை வாங்கியவர். சொன்னால் நம்புவார்களா, வீட்டில் மற்றவர்களுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்திலேயே வருடங்கள் போயின. 15 வயதில்தான் எதிர்த்து நிற்கும் துணிச்சல் வந்தது. 16 வயது நிறைவதற்குள் அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த வேளை சோற்றுக்கு வழி தெரியாமல் நின்றோம் என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். படத்தில் செல்ல மகளாக வந்து ஜனங்களை அழவைத்த அதே வருடங்கள்தான் அவை.

இன்றைய சட்டம் என்ன சொல்கிறது?

அந்தக் காலத்தில் குழந்தை நட்சத்திரத்துக்கு என்று தனியாக எந்த விதியும் கிடையாது. எத்தனை மணிக்கு அழைத்தாலும் போக வேண்டும். சம்பளம் பெற்றவர் கைக்குப் போகும். அதோடு கதை முடிந்தது.

இப்போது நிலைமை வேறு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-ல் திருத்தம் வந்தது. 2017-ல் அதற்கான விதிகள் வந்தன. 14 வயது நிறையாத குழந்தையை சினிமாவிலோ, சீரியலிலோ, டி.வி. போட்டிகளிலோ நடிக்க வைப்பதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வு இல்லாமல் நிற்க வைக்கக் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் போகக் கூடாது. படிப்பும் கெடக் கூடாது. குழந்தை சம்பாதித்ததில் குறைந்தது 20 சதவீதம், அந்தக் குழந்தையின் பெயரிலேயே தேசிய வங்கியில் பிக்சட் டெபாசிட்டாகப் போட வேண்டும். அதை மேஜர் ஆனதும் அந்தப் பிள்ளைதான் எடுக்கலாம்.

பிள்ளையை டான்ஸ் நிகழ்ச்சிக்கு அழைத்துக்கொண்டு அலைகிற அப்பா, அம்மாக்களில் எத்தனை பேருக்கு இந்த 20 சதவீதக் கணக்கு தெரியும் என்பது சந்தேகம்தான்.

வாய் இவருது, குரல் வேறொருத்தருது!

வளர்ந்துவிட்ட குழந்தை நட்சத்திரத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. ஜனங்கள் மனதில் அந்தச் சின்னப் பிள்ளை முகமே நிற்கும். ஹீரோயினாக ஏற்றுக்கொள்ள யோசிப்பார்கள். குஷ்புவும் 1985-ல் ‘ஜானு’, ‘மேரி ஜங்’ என்று இந்தியில் நடித்துப் பார்த்தார். பெரிதாகத் தூக்கிவிடவில்லை.

தெற்கே வண்டி ஏறியது 1986-ல். தெலுங்கில் ‘கலியுக பாண்டவுலு’. டைரக்டர் ராகவேந்திர ராவ். தயாரிப்பாளர் ராமாநாயுடுவின் மகன் வெங்கடேஷ் ஹீரோவாக அறிமுகம் ஆன படமும் அதுதான். இங்கே யாருக்கும் இவரைச் சின்னப் பிள்ளையாகத் தெரியாது. அதுவே வசதியாகப் போயிற்று.

தமிழுக்கு 1988-ல் வந்தார். ரஜினி இரட்டை வேடத்தில் நடித்த ‘தர்மத்தின் தலைவன்’ படத்தில் பிரபுவுக்கு ஜோடி. அடுத்த வருடம் பாசிலின் ‘வருஷம் 16’. கார்த்திக்கோடு இவர் நடித்த அந்தப் படம்தான் குஷ்புவைத் தமிழ்நாட்டுப் பெண்ணாகவே ஆக்கியது. 1991-ல் பி.வாசுவின் ‘சின்னத்தம்பி’. மூன்று அண்ணன்மார் பொத்திப் பொத்தி வளர்த்த நந்தினி, தாலி என்றால் என்ன என்றே தெரியாத சின்னத்தம்பி. தியேட்டரில் திருவிழாக் கூட்டம். மாதக்கணக்கில் ஓடியது. ‘அண்ணாமலை’, ‘நாட்டாமை’ எல்லாம் அதற்குப் பிறகு.

இதில் ஒரு தொழில் ரகசியம். வடக்கே இருந்து வரும் நடிகைக்குத் தமிழ் தெரியாது. ஷூட்டிங்கில் உதவி இயக்குனர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை எடுத்துக் கொடுப்பார். நடிகை அதைக் கேட்டு அப்படியே உதட்டை அசைப்பார். படம் முடிந்த பிறகு டப்பிங் தியேட்டரில் வேறொரு பெண், திரையில் உதடு அசைவதைப் பார்த்துப் பார்த்து அழுது, சிரித்து, கோபப்பட்டுப் பேசுவார். பாட்டு வந்தால் அதற்கு வேறு ஒரு பாடகி. குஷ்புவின் ஆரம்ப காலத் தமிழ்ப் படங்கள் இப்படித்தான் தயாராயின. கண்ணீர் இவருடையது. விசும்பல் இன்னொருவருடையது. டப்பிங் பேசிய பெண்களின் பெயர் பல நேரம் போஸ்டரில் கூட வராது. பாவம், அது தனிக்கதை.

குஷ்பு மற்றவர்களைப் போல ‘வேலை முடிந்தது, பிளைட் ஏறினோம்’ என்று இருக்கவில்லை. ஷூட்டிங் இடைவேளையில் லைட்பாய், மேக்கப் ஆள் என்று எல்லாரிடமும் வாயைக் கொடுத்தே தமிழ் கற்றார். சென்னையிலேயே தங்கினார். 1995-ல் ‘முறைமாமன்’ படத்தில் நடித்தபோது அதன் மூலம் டைரக்டர் ஆனவர் சுந்தர்.சி. இருவருக்கும் 2000-ல் கல்யாணம். இரண்டு பெண் குழந்தைகள்.

‘ஜாக்பாட்’ அடித்தது!

கல்யாணம் ஆன ஹீரோயினுக்கு சினிமாவில் என்ன வேலை தருவார்கள் என்பது தெரிந்த விஷயம். நேற்று ஜோடியாக ஆடிய ஹீரோவுக்கு இன்று அண்ணி. நாளைக்கு அம்மா. குஷ்பு அந்த வரிசையில் நிற்கவில்லை. சின்னத்திரையில் களம் இறங்கினார்.

ஜெயா டி.வி.யின் ‘ஜாக்பாட்’ நிகழ்ச்சி அப்படித்தான் கைக்கு வந்தது. கேள்வி, விளையாட்டு, பரிசு, நடுநடுவே அரட்டை. கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மேடை சினிமா மாதிரி அல்ல. அங்கே எடுத்துக் கொடுக்க உதவி இயக்குனர் நிற்பது போதாது. எதிரில் நிற்பவர் என்ன சொல்வார் என்று யாருக்கும் தெரியாது. அந்த நொடியில் மடக்க வேண்டும், சிரிக்க வேண்டும், தோற்றவரைத் தேற்ற வேண்டும். கேமராவைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஆசாமியைக் கூடப் பேச வைக்க வேண்டும். டப்பிங் ஆள் வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது.

குஷ்புவின் சொந்தத் தமிழ் அங்கேதான் ஜனங்கள் காதில் விழுந்தது. இலக்கணத் தமிழ் இல்லை. வடக்கத்தி வாடை இருந்தது. இங்கிலீஷ் கலந்து வரும். ஒரு வார்த்தை இடறினால் அவரே சிரித்துவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, அதுதான் பிடித்துப் போனது. சினிமாவில் கண்ட குஷ்பு எட்ட நின்றவர். டி.வி.யில் வந்தவர் பக்கத்து வீட்டு அக்கா மாதிரி. சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்த குடும்பத்துக்கு, வாரம் தவறாமல் வரும் விருந்தாளி.

சேலையைச் சொல்லாமல் விட்டால் பெண்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வாரமும் புதுச் சேலை, அதற்குத் தோதாக நகை, அதைவிட முக்கியமாக ஜாக்கெட். முதுகுப் பக்கம் ஒரு டிசைன், கையில் ஒரு வேலைப்பாடு. ‘ஜாக்பாட்ல குஷ்பு போட்டாங்களே, அதே மாதிரி’ என்று சொன்னால் போதும், தெருமுனை டெய்லருக்குப் புரிந்துவிடும். போட்டியில் ஜெயித்தவர் யார் என்பது மறுநாள் மறந்து போகும். ஜாக்கெட் டிசைன் மறக்காது. எத்தனையோ டெய்லர் கடைகளுக்கு அந்த நிகழ்ச்சி சோறு போட்டிருக்கிறது.

இட்லி கதை அதற்கும் முந்தையது. ஆமணக்கு விதையோ ஜவ்வரிசியோ சேர்த்து அரைத்து, பொசுபொசுவென்று பெரிதாக வரும் இட்லிக்கு ‘குஷ்பு இட்லி’ என்று பெயர் வைத்தது சினிமா மவுசு. ஜாக்கெட்டுக்குப் பெயர் வாங்கித் தந்தது டி.வி. மவுசு.

சின்னத்திரையில் ‘கல்கி’ மாதிரி சீரியல்களிலும் நடித்தார். கலைஞர் டி.வி.யில் ‘மானாட மயிலாட’ டான்ஸ் போட்டியில் கலா மாஸ்டர், நமீதாவோடு நடுவராக உட்கார்ந்தார். குழந்தை நட்சத்திரமாக வந்து பிறகு டி.வி. மேடையைப் பிடித்தவர்கள் வேறு யாரும் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 1960-ல் ‘களத்தூர் கண்ணம்மா’வில் குழந்தையாக வந்த கமல்ஹாசன்தான் 2017-லிருந்து 7 சீசன் ‘பிக் பாஸ்’ நடத்தினார். ஆனால் அவர் வரும்போது டி.வி.க்கு வருவது கவுரவம் ஆகிவிட்டது. குஷ்பு வந்தபோது, ‘சினிமாவில் சான்ஸ் இல்லை போல’ என்று உதட்டைப் பிதுக்கிய காலம்.

சொன்ன வார்த்தை... துரத்திய வழக்கு!

எந்தக் குரல் வீடு வீடாக நுழைந்ததோ, அதே குரல் 2005-ல் வம்பில் மாட்டிவிட்டது.

அந்த வருடம் செப்டம்பரில் ‘இந்தியா டுடே’ பத்திரிகை ஒரு சர்வே வெளியிட்டது. அதையொட்டி குஷ்புவின் கருத்தையும் போட்டது. மணப்பெண் கன்னித்தன்மையோடுதான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து சமூகம் வெளியே வர வேண்டும், பெண்கள் கர்ப்பமோ நோயோ வராமல் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

தமிழ்நாடே கொதித்தது. துடைப்பத்தோடும் செருப்போடும் பெண்கள் ஊர்வலம் வந்தார்கள். உருவ பொம்மை எரிந்தது. பா.ம.க., விடுதலைச் சிறுத்தைகள் கட்சியினர் போராட்டத்தில் முன்னால் நின்றார்கள். கோயில் கட்டிய அதே மண்ணில்தான் இதுவும் நடந்தது. குஷ்பு மன்னிப்பு கேட்டும் அடங்கவில்லை. ஊருக்கு ஊர் வழக்கு. நவம்பரில் மேட்டூர் கோர்ட்டில் ஆஜராக வந்தபோது முட்டையும் தக்காளியும் பறந்தன.

மொத்தம் 23 வழக்குகள். பெரும்பாலும் தமிழ்நாட்டில். மத்தியப் பிரதேசத்து இந்தூரில் கூட ஒன்று. 2008-ல் சென்னை ஐகோர்ட்டு வழக்குகளை ரத்து செய்ய மறுத்துவிட்டது. விஷயம் டெல்லிக்குப் போனது.

2010 ஏப்ரல் 28-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு 23 வழக்குகளையும் தள்ளுபடி செய்தது. தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் உள்பட 3 நீதிபதிகள் அடங்கிய பெஞ்ச். காரணம் என்ன? சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி சொன்னால் இவ்வளவுதான். ஒருவர் கருத்து நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அதற்காக அது குற்றம் ஆகிவிடாது. அவதூறு என்றால் யாரைச் சொன்னார் என்று காட்ட வேண்டும். ‘தமிழ்ப் பெண்கள் எல்லாரையும் அவமானப்படுத்திவிட்டார்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, எனக்கு மனசு நோகிறது என்று யார் வேண்டுமானாலும் கேஸ் போட முடியாது. ஆபாசமாகவும் அதில் ஒன்றும் இல்லை. கருத்துக்குப் பதில் கருத்துதான், கிரிமினல் வழக்கு அல்ல. பின்னாளில் பேச்சுரிமை வழக்குகளில் வக்கீல்கள் எடுத்துக் காட்டும் தீர்ப்பாகவும் இது ஆகிவிட்டது.

நாலரை வருடம் கோர்ட்டு வாசலில் அலைந்த அந்தக் காலத்தில் குஷ்பு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2007-ல் வந்த ‘பெரியார்’ படத்தில் சத்யராஜுக்கு ஜோடியாக மணியம்மை வேடத்தில் நடித்தது இந்த இடைவெளியில்தான். துடைப்பத்தைத் தூக்கிய கைகள் ரிமோட்டை அழுத்தி சேனலை மாற்றவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். டி.வி. உலகில் அதுதானே கடைசித் தீர்ப்பு!

மேடை மாறியது

தீர்ப்பு வந்து மூன்று வாரம் ஆவதற்குள், 2010 மே 14-ந்தேதி குஷ்பு தி.மு.க.வில் சேர்ந்தார். ஜெயா டி.வி. யார் பக்கத்துச் சேனல் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ‘ஜாக்பாட்’ மேடைக்கு நதியா வந்தார். அவருக்குப் பிறகு சிம்ரன்.

கட்சிக்கு இவர் கொண்டுபோன சொத்து என்ன? அதே குரல்தான். பிரசார வேனில் நின்று எழுதி வைக்காமல் பேசுவது, கூட்டத்தில் ஒருவர் கத்தினால் அதற்கும் பதில் சொல்வது, எல்லாம் ‘ஜாக்பாட்’ பழக்கம். தொல்லையும் அதே குரலால்தான். 2013-ல் தி.மு.க.வின் அடுத்த தலைமை பற்றிப் பத்திரிகைக்கு ஒரு பேட்டி கொடுத்தார். சென்னையில் வீட்டில் கல் விழுந்தது. திருச்சியில் செருப்பு பறந்தது. 2014 ஜூனில் கட்சியை விட்டு விலகினார். அதே வருடம் காங்கிரஸ், 2020 அக்டோபரில் பா.ஜ.க. 2021 சட்டசபைத் தேர்தலில் ஆயிரம் விளக்கு தொகுதியில் நின்று தி.மு.க.வின் டாக்டர் எழிலனிடம் தோற்றார். 2023 பிப்ரவரியில் தேசிய மகளிர் ஆணைய உறுப்பினர் ஆனார். 2024 ஆகஸ்டில் அந்தப் பதவியை விட்டு விலகினார். மூன்று கட்சி மாறியவர் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. கிண்டலுக்கு இடம் கொடுத்ததும் அவர்தான்.

அப்பாவைப் பற்றி வாய் திறந்தது மகளிர் ஆணையத்தில் சேர்ந்த அடுத்த மாதம். அவமானம் எனக்கு இல்லை, செய்தவருக்குத்தான் என்று அவர் சொன்னபோது வயது 52.

தயாரிப்பாளராகவும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ‘அவ்னி சினிமேக்ஸ்’ என்பது குடும்பக் கம்பெனி. சன் டி.வி.யில் ‘நந்தினி’ என்று பாம்பும் பேயும் வந்த மெகா சீரியலை எடுத்தார்கள். 2018-ல் ‘லட்சுமி ஸ்டோர்ஸ்’ சீரியலில் குஷ்புவே நடித்தார். ‘நந்தினி’ என்ற பெயரைக் கேட்டால் ‘சின்னத்தம்பி’ பார்த்தவர்களுக்கு வேறு நினைவும் வரும்.

2024 மே மாதம் சுந்தர்.சி இயக்கத்தில் ‘அரண்மனை 4’ வந்தது. தயாரித்தவர்களில் ஒருவர் குஷ்பு. கடைசியில் வரும் அம்மன் பாட்டில் அவரே சேலை கட்டி ஆடினார். பக்கத்தில் சேர்ந்து ஆடியவர் சிம்ரன். ‘ஜாக்பாட்’ மேடையில் ஒருவர் பின் ஒருவராக நின்ற இரண்டு பேரும் ஒரே திரையில் வந்ததும் தியேட்டரில் விசில் பறந்தது. பாட்டுக்குக் குரல் வேறு யாரோ. 1980-ல் ரயிலில் பாடியபோது இருந்த மாதிரியே, வாயசைப்பு மட்டும் குஷ்பு.